1729 மட்டும் போதுமா?

டிசம்பர் 22 வந்தால் நம் பள்ளிச் சுவரில் என்ன எழுதுவோம்? ராமானுஜன் படம், பக்கத்தில் 1729. டாக்ஸி நம்பர் கதை நமக்கு மனப்பாடம். 1, 12 இவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 9, 10 இவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. நல்ல எண்தான். ஆனா இந்த வருஷம் இன்னொரு எண்ணையும் எழுதணும் என்பது என் கருத்து.

293318625600

அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600! எதுக்குன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி உப்பளத்துக்கு வாங்க. 60 மூட்டை உப்பு இருக்கு. 2 பேர், 3, 4, 5, 6 பேர், 10, 12, 15 பேர் என்று யார் வந்தாலும் மூட்டையைப் பிரிக்காமல் சமமாகப் பங்கு போடலாம். 61 மூட்டைன்னா மாட்டிக்கிட்டோம், அது பகா எண்! 60க்கு 12 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

இப்படி, முன்னால் உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் ஜெயிக்கிற எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல் பெரிய கட்டுரை எழுதினார். அந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916இல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் கிடைத்தது. (இங்கே கல்லூரித் தேர்வில் ஃபெயில் ஆனவர்!) கட்டுரையில் 6, 12, 24, 36, 48, 60 என்று ஏறிக்கொண்டே போகும் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களின் பட்டியல் உண்டு. கடைசி எண் 6746328388800. எல்லாம் கையால் போட்ட கணக்கு.

அந்தப் பட்டியலில் நான் மேலே எழுதிய எண் இல்லை. இருந்திருக்க வேண்டும், விட்டுப்போச்சு! வேடிக்கை என்னன்னா, பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் இதே எண்தான் வருது. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். ராமானுஜனுக்குக் கணக்கு வராதுன்னு யாரும் சொல்லல.

நம்ம ஊர்ல? ஒரு கணக்கு தப்பானா போதும், "நீயெல்லாம் உப்பு வாரத்தான் லாயக்கு" என்று யாராவது சொல்லிடறாங்க. உப்பு வாருற எங்க அம்மா, பேப்பரே இல்லாம ஏழு பேரோட வாரக் கூலியைக் கணக்குப் போட்டுப் பிரிப்பாங்க. அது இருக்கட்டும். போன வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்தவ, அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து கணக்கு நோட்டையே திறக்கல. "எந்த வரியில விட்டே?" என்று ஒருத்தர் கேட்டிருந்தா போதும். விட்டது ஒரு கழித்தல் குறிதான்.

அதனால்தான் 1729 பக்கத்தில் இந்த எண்ணும் வேணும்னு கேட்கிறேன். சிவப்பு மையில் பெரிசா எழுதுவோம்.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. 64×81×25×49×11×13×17×19 என்று பிரித்தால் சுலபம்: 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். அந்த 5040மே ராமானுஜன் பட்டியலில் உள்ள எண்தான்! அதற்கு 60 காரணிகள், நம்ம மூட்டை கணக்கு. சந்தேகம்னா எண்ணிப் பாருங்க. எனக்கு முதல் தடவை 58தான் வந்தது. 35, 144 ரெண்டையும் விட்டிருந்தேன்.