படித்தவர் பரப்பும் பொய்

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரம் சற்றே தணிந்திருந்த வேளை. 29ஆந் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டனர் என்றொரு வதந்தி கிளம்பிற்று. புலி எதுவும் வரவில்லை. ஆயினும் அடங்கியிருந்த கொலைவெறி மீண்டும் மூண்டு, அன்றும் தமிழர் நடுவீதியில் மாண்டனர். அந்த வதந்தி வாய்க்கு வாய் பரவியது. இன்றைய வதந்திக்கு அந்தத் தாமதமும் இல்லை. அது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் காத்திருக்கிறது.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது என்ன? உணவுச்சாலையொன்றில், கறியிற் கிடந்த மாவுக் கட்டியை மலட்டு மாத்திரை என்று கூறி ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. அகப்பட்டவர் தமிழ் பேசும் முஸ்லிம்; சிங்களம் அவருக்குச் சரிவரத் தெரியாது. கேட்டது இன்னதென்று விளங்காமலே ஆமென்றார். அக்காட்சியைப் படம்பிடித்து முகநூலில் விட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்குண்டன. அது வெறும் மாவே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். யார் கேட்டார்? அடுத்த மாதம் வேறொரு சம்பவத்தைத் தொட்டுத் திகனையில் தீ மூண்டபோதும் அதே கதை உலவிற்று. தன் பங்குக்கு முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோர 2020 மே மாதமாயிற்று.

பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகள் இவற்றுக்கு ஏமாறார் என்று நம்மவர் எண்ணுகின்றனர். அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைத் தகர்க்கிறது. மாணவர் 25 பேர், கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் 10 பேர் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து, நம்பத்தக்கவை எவை என்று கேட்டனர். மாணவர் மட்டுமல்ல, கலாநிதிகளிற் பலரும் (நம் பட்டதாரிகள் கவனிக்க) பக்கத்தின் சின்னத்தையும் முகவரியையும் கண்டு மயங்கினர். சரிபார்ப்போரோ அப்பக்கத்தை ஆறவமரப் படிக்கவேயில்லை. உடனே அதைவிட்டு வெளியேறி, இதை நடத்துபவர் யார், பிறர் இவரைப்பற்றிக் கூறுவதென்ன என்று வேறிடங்களில் தேடினர். விரைவிற் சரியான முடிவுக்கும் வந்தனர். ஆக, வேண்டியது மேதைமையன்று, ஒரு பழக்கமே.

அப்பழக்கம் இல்லாதிருப்பதன் நட்டம் மாணவனோடு நிற்பதில்லை. கிளிநொச்சியில் வயல் செய்யும் தந்தை, பூச்சிமருந்து பற்றியோ உரமானியம் பற்றியோ கைத்தொலைபேசியில் வந்த செய்தியை யாரிடம் காட்டுகிறார்? கம்பசில் படிக்கும் மகளிடம். அவள் 'சரிதான் அப்பா' என்றால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அரசாங்கமும் ஒரு மருந்து கண்டது. 2024 சனவரியிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையிற் கொடுத்தது. ஆட்சியாளர் மெய்யென்று முத்திரையிட்டவற்றின் சரித்திரத்தை நாம் அறிவோம். அந்த மருந்து நமக்கு வேண்டாம். ஆனால் அதை எதிர்க்கும் நாம், நம் பக்கத்துப் பொய்களை மட்டும் இன உணர்ச்சியின் பெயரால் பொறுத்துக்கொள்வது என்ன நியாயம்? செய்தியொன்று நமக்கு இனிக்கிறது என்பதற்காக அது மெய்யாகிவிடாது.

யாழ்ப்பாணம், கிழக்கு, வவுனியாப் பல்கலைக்கழகங்கள் புகுமுக மாணவர்க்குச் செய்தியைச் சோதிக்கும் பயிற்சியைத் தமிழிற் கட்டாயமாக்க வேண்டும். சிங்களப் பதிவுகளை வாசித்தறியும் பயிற்சியும் அதிற் சேரட்டும். நம்மைப்பற்றிப் பரப்பப்படுவதை நாமே அறியாவிடின் எவ்வாறு மறுப்பது? இதற்குப் புதிய சட்டமோ கட்டடமோ வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.