செவ்வாயின் நிலத்தடி ஐஸ் யாருடைய கணக்கில்?

செவ்வாய்க் கிரகத்தின் வடபாகத்தில் யுடோப்பியா பிளானிற்றியா என்றொரு பெருஞ்சமவெளி இருக்கிறது. விண்கலங்கள் எடுத்த படங்களில் அதன் தரை, வற்றிய குளத்தின் அடிச்சேறு மாதிரிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இடையிடையே சிப்பி ஓட்டின் விளிம்பு போல வளைந்த பள்ளங்கள்.

ஆனால் இது வெயிலில் காய்ந்து வெடித்த தரை அல்ல. ஐஸ் கலந்த நிலம் கடுங்குளிரில் சுருங்கும்போது இப்படி வெடிக்கும். இங்கே கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலும் இதே கோலத்தைப் பார்க்கலாம். பள்ளங்களின் கதை வேறு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூறில் ஒரு பங்கும் இல்லை. அதனால் ஐஸ் உருகி ஓடுவதில்லை. கற்பூரம் மாதிரி நேரே ஆவியாகிப் போகிறது. அடியில் ஐஸ் குறையக் குறைய மேல்மண் அமிழ்ந்துவிடுகிறது.

2016இல் ராடர் அளவீடுகளைக் கொண்டு அந்தக் கையிருப்பைக் கணக்கிட்டார்கள். 80 முதல் 170 மீற்றர் வரை தடிப்பான படிவு, அதில் 50 முதல் 85 வீதம் வரை ஐஸ். மொத்தத்தில் சுப்பீரியர் ஏரியில் உள்ள அளவு தண்ணீர். கோடை விடுமுறைக்கு அந்த ஏரிக்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், எதிர்க்கரை கண்ணுக்கே எட்டாது.

வேடிக்கை என்னவென்றால், 1976இலேயே வைக்கிங் 2 இதே சமவெளியில் இறங்கி மண்ணைத் தோண்டியது. இன்னும் பத்து சென்ரிமீற்றர் தோண்டியிருந்தால் ஐஸ் தட்டுப்பட்டிருக்கலாம் என்று பிற்காலத்தில் கணித்தார்கள். 2008இல் பீனிக்ஸ் தோண்டிய குழியில் வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. நான்கு நாளில் மறைந்துபோயின. உப்பாக இருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். 2021 டிசெம்பரில் விண்கல் ஒன்று விழுந்து 150 மீற்றர் அகலக் குழியைத் தோண்டியபோது, ஐஸ் பாறாங்கற்களாகவே வெளியே சிதறியது. அந்த இடம் மத்திய கோட்டிலிருந்து 35 பாகைதான்.

அங்கே போகும் மனிதருக்குக் குடிதண்ணீர், சுவாசிக்க ஒட்சிசன், திரும்பிவர எரிபொருள் எல்லாம் இந்த ஐஸிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே அது எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று வரைபடமாக்க கனடா, இத்தாலி, ஜப்பானுடன் சேர்ந்து நாசா ஒரு விண்கலம் திட்டமிட்டது. 2022இல் நாசாவின் வரவுசெலவுத் திட்ட முன்மொழிவிலேயே அதற்கான பணம் நிறுத்தப்பட்டது. மனிதரை அனுப்பும் பேச்சு மட்டும் நிற்கவில்லை. கையிருப்பை எண்ணிப் பார்க்காமல் கடையை விலை பேசும் ஆளை என் தொழிலில் நான் கண்டிருக்கிறேன். பிற்பாடு அழுதபடி வருவார்.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி உரிமை பற்றியது. விண்வெளியில் எந்த நாடும் நிலத்துக்கு உரிமை கோர முடியாது என்கிறது 1967ஆம் ஆண்டு ஒப்பந்தம். 2020இன் ஆர்ட்டெமிஸ் உடன்பாடோ, வளங்களை எடுப்பது மட்டும் உரிமை கோருவதாகாது என்கிறது. கனடா முதல் நாளிலேயே ஒப்பமிட்டது. இந்தியா 2023இல் சேர்ந்தது. சீனாவும் ரஷ்யாவும் வெளியே நிற்கின்றன. அந்த உடன்பாட்டில், வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி ‘பாதுகாப்பு வலயம்’ அமைக்கலாம் என்றும் இருக்கிறது. தற்காலிகமானதாம். வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்தவர்களுக்கு அந்தச் சொல்லையும் தெரியும், ‘தற்காலிகம்’ எத்தனை வருசம் என்பதும் தெரியும்.

செவ்வாயில் துரத்துவதற்குச் சனம் இல்லைத்தான். ஆனால் ஐஸ் ஆழம் குறைவாகவும், வெயில் ஓரளவு படுவதாகவும், இறங்குவதற்குச் சமதரையாகவும் உள்ள இடங்கள் அதிகமில்லை. முதலில் இறங்குபவர் வலயத்தைப் போட்டுவிட்டால், அடுத்தவர் எங்கே தோண்டுவது?