படைவீரர் மனைவியரும் அவர்தம் பெயரும்

படைவீரரைப் புகழ்தல் எந்நாட்டார்க்கும் எளிதாகிய காரியம். சிலை நாட்டுகின்றோம், விழா வெடுக்கின்றோம், தெருவுக்கும் பள்ளிக்கும் அவர் பெயரை இடுகின்றோம். அவ்வீரர் எல்லைப்புறத்துப் பனியில் நிற்குங்கால், ஊரில் அவர் வீட்டுக் கதவை நாடோறும் திறந்து மூடுகின்றவள் எங்ஙனம் வாழ்கின்றாள் என வினவுவார் மிகச் சிலரே. வினவுவாரும் 'பொறுமைசாலி' என்னும் ஒரு சொல்லால் அவளை வாழ்த்திவிட்டு அகன்றுபோவர். அச்சொல் போதாது என்பதே நாம் ஈண்டுக் கூறவந்தது.

பொறுமையைப் போற்றுதல் நமக்குப் பழைய வழக்கம். முல்லைத்திணைக்கு இருத்தலே உரிப்பொருள். வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வேன் எனக் கூறிச் செல்வான், தலைவி ஆற்றியிருப்பாள். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதனுள் பாசறையும், புண்பட்ட யானைகளும், காவல் செய்யும் யவனரும் நம் கண்முன் தோன்றுகின்றனர். அரண்மனையில் துயிலின்றி வருந்தும் அரசியும் தோன்றுகின்றாள். அவள் பெயர் யாது? பாட்டிலில்லை. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்பது மரபு. தலைவனுக்கும் அங்குப் பெயரில்லை. ஆகவே பாட்டில் அது குற்றமன்று. நம் நாளிலோ, தலைவனுக்குப் பெயருண்டு, பட்டாள எண்ணுண்டு, பதவியுண்டு. தலைவி ஒருத்திக்கே பெயர் இல்லாதொழிகின்றது.

பாளையக் குடியிருப்பில் அவள் 'மேஜர் மனைவி'. அன்றேல் 'சுபேதார் வீட்டம்மா'. கணவன் பதவி உயர்ந்தால் விழா மண்டபத்தில் அவள் நாற்காலியும் முன்வரிசைக்கு நகரும். அவள் கற்றது யாது, பாடுவாளா, கணக்கில் வல்லளா என்பன கேள்வியல்ல. (அந்நாற்காலிகளின் வரிசையைப்பற்றி ஒரு புராணமே பாடலாம்.) அதிகாரியின் மனைவிக்கேனும் அந்நாற்காலி உண்டு. வேலூர்ப் பக்கத்தில் படைவீரர் ஊரென்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் மாமன் மாமியோடு வாழும் சிப்பாயின் மனைவிக்கு அதுவும் இல்லை. களநிலையத்துக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்லலாகாது; அமைதி நிலையத்திலும் குடியிருப்புக்கு முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் விதிக்கப்பட்டுள்ளன. பழைய முறைப்படி ஓய்வூதியம் பெற 15 ஆண்டு ஊழியம் வேண்டும். உடனுறையும் வாய்ப்புப் பெறாத ஒருத்திக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: விடுப்பு ஒருநாளும் குறையாது முழுதும் கிடைத்தாலும், பதினைந்தாண்டு இல்லறத்தில் கணவனோடு வாழ்ந்தது நான்காண்டு நிறையாது. முல்லைத் தலைவிக்கு ஒரு கார்காலம்; இவளுக்கோ இளமைக்காலம் முழுவதும்.

அரசியலாரும் அவளை எவ்வாறு எண்ணினர் என்பதற்கு ஒரு விதியே சான்றாகும். வீரப்பதக்கத்தோடு ஒரு தொகை மாதந்தோறும் அளிக்கப்படுகின்றது. வீரன் இறந்தால் அது மனைவிக்குச் சேரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் அத்தொகை நின்றுபோகும். இறந்தவனுடைய உடன்பிறந்தானையே மணந்தால் மட்டும் தொடரும்! இக்கட்டுப்பாடு 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நீக்கப்பட்டது. நாடு குடியரசாகி அறுபத்தேழு ஆண்டு சென்றும், அவள் ஒரு வீட்டாரின் உடைமையாகவே ஏட்டில் எழுதப்பட்டிருந்தாள் என்பதை எண்ணுமிடத்து நாணமே உண்டாகின்றது.

நற்செய்தியும் இல்லாமலில்லை. படைவீரர் மனைவியர் நலச் சங்கம் 1966இல் பதிவாகி, ஆஷா பள்ளிகள் போன்ற நற்பணிகளை நடத்துகின்றது. கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015 நவம்பரில் காசுமீரத்தில் உயிர்நீத்தார். அவர்தம் மனைவியார் சுவாதி மகாதிக் சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று 2017 செப்டம்பரில் தாமே அதிகாரியாயினர். அவர் துணிவை வணங்குகின்றோம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம்: கணவன் மாண்ட பின்னரா ஒரு பெண்ணின் பெயர் நாட்டுக்குத் தெரிதல் வேண்டும்? அவன் உயிரோடிருக்குங்காலத்தே அவளுக்கென ஒரு வாழ்வு அமைதல் ஆகாதோ?

'தெரிந்துதானே மணந்தாள்' என்பாருமுளர். பிரிவைத் தெரிந்து மணந்தாள், மெய்யே. தன் பட்டத்தைப் பெட்டியடியில் வைத்துப் பூட்டுவதற்கு அவள் எங்கே உடன்பட்டாள்? மனநலம் வேண்டின் யோகமும் பொழுதுபோக்கும் போதுமென்று அறிவுரை கூறுவாரோடும் நாம் முற்றும் உடன்படோம். கைப்பேசியில் நாடோறும் கணவன் குரல் கேட்டல் ஆறுதலே. எல்லையில் சண்டையென்று செய்தி வந்த இரவில் அதே கைப்பேசி ஒலியாது கிடத்தல்போலக் கொடியது பிறிதில்லை. அவ்விரவைத் தாங்குவதற்கு, மறுநாட் காலையில் அவளை எதிர்பார்த்திருக்கும் ஒரு வகுப்பறையோ, ஒரு மருத்துவமனை வார்டோ, அவள் பெயரைச் சொல்லி அழைக்கும் தோழியோ இருத்தல் பெருந்துணையாம்.

இங்கேதான் இடர்ப்பாடு. கணவனுக்கு மாற்றல் ஓலை வந்தால் அவன் பதவி அவனோடு செல்லும். அவள் தொழில் செல்லாது. செவிலி ஒருத்தி தமிழ்நாட்டிற் பதிவு பெற்றிருப்பின், வேறு மாநிலம் சென்றதும் அங்குள்ள மன்றத்திற்கு அலைந்து மீண்டும் பதிதல் வேண்டும். மாநில ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினவளுக்கு அடுத்த மாநிலத்து அரசுப் பள்ளியில் அதனாற் பயனில்லை. மத்தியத் தேர்வோ, 1963இல் தொடங்கிய கேந்திரிய வித்தியாலயங்களில் எவ்வூரிலும் செல்லும். 2021 முதல் அச்சான்று வாழ்நாள் முழுதுக்கும் உரியதாயிற்று. நம் கலாசாலை மாணவியருள் படைவீரரை மணக்க இருப்பார், மாநிலத் தேர்வோடு அதனையும் எழுதிவைத்தல் நன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2023 சனவரியில் ஒரு சட்டம் கையொப்பமாயிற்று: படைவீரர் மாற்றலாகிச் செல்லுங்கால், மனைவியோ கணவனோ ஒரு மாநிலத்திற் பெற்ற தொழில் உரிமம் புதிய மாநிலத்திலும் ஏற்கப்படும். வழக்கறிஞரை மட்டும் அது சேர்க்கவில்லை. அத்தகைய சட்டம் நமக்கும் வேண்டுமென்பது நம் துணிபு.

சட்டம் வருங்கால் வருக. நம் பழைய மாணவருட் பலர் பள்ளி நடத்துகின்றனர்; மருத்துவமனை நடத்துவாருமுளர். ஏழாண்டில் நான்கு ஊர்களிற் பணிபுரிந்தாள் என ஒரு விண்ணப்பம் வந்தால், 'நிலையில்லாதவள்' எனத் தள்ளிவிடுதல் அவர்கட்கு வழக்கமாயிருக்கலாம். அந்நான்கு ஊர்கள் எவையென ஒருமுறை பார்க்க வேண்டுகின்றோம். பதான்கோட்டும் சோத்பூரும் தேசுபூரும் அதிலிருக்குமாயின் அவளை அழைத்துப் பேசுக. இரண்டாண்டே இருப்பாளென்றாலும் அவ்விரண்டாண்டுக்கும் முறையான ஊதியம் கொடுத்து, போகுங்கால் அவள் பெயருக்கே ஒரு பணிச்சான்றும் எழுதிக் கொடுக்க.