கைப்பிரேக்கை இறுக்கினால் மட்டும் போதுமா?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் காரின் கைப்பிரேக்கை அப்பா இழுக்கும்போது எத்தனை முறை 'டக்' என்று சத்தம் கேட்கிறது? எண்ணியதுண்டா?

என் பழைய காரில் அந்த எண்ணிக்கை ஐந்திலிருந்து பத்தைத் தாண்டியது. பட்டறையில் கேபிளின் திருகை இறுக்கித் தந்தார்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டு மாதம் கழித்து, பள்ளியின் சரிவான வாகன நிறுத்துமிடத்தில் கார் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. நல்ல வேளை, பின்னால் யாரும் இல்லை. கழற்றிப் பார்த்தபோது, இடப்பக்கக் கேபிளின் மேலுறை கிழிந்து, மழைநீர் புகுந்து, உள்கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. வலச்சக்கரம் மட்டுமே காரைத் தாங்கியிருக்கிறது.

சைக்கிள் பிரேக்கில் உள்ளதைப் போலவே, இதிலும் உறைக்குள் ஓர் எஃகுக் கம்பி நகர்கிறது. நெம்புகோல் நம் கைவிசையைப் பெருக்குகிறது. கம்பி அந்த விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. டிரம் பிரேக்கில், ஷூ டிரம்மை அழுத்தி உராய்வை உண்டாக்குகிறது. உறைக்குள் துரு ஏறினால், விசையின் ஒரு பகுதி வழியிலேயே வீணாகிவிடும். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் 10° சரிவில் நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 1,700 நியூட்டன். சைன் 10°-ஐக் கொண்டு நீங்களே கணக்கிடலாம்.

ஆகவே, காரணம் தேடாமல் இறுக்குவது, காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் மாத்திரை விழுங்குவது போன்றது என்பேன். ஷூ தேய்ந்தாலும் நெம்புகோல் மேலே ஏறும். முதலில் ஷூவையும் கேபிளையும் பார்க்க வேண்டும். உறை கிழிந்த, துருவேறிய கேபிளை மாற்றத்தான் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால், ஓடும்போதும் ஷூ டிரம்மில் உரசிச் சூடேறும், பெட்ரோலும் வீணாகும். மாற்றிய பிறகு, நெம்புகோலை இறக்கினால் இரு பின்சக்கரங்களும் தடையின்றிச் சுழல வேண்டும். இழுத்தால் இரண்டுமே நிற்க வேண்டும்.

"ஆட்டோ கார்தானே, 'பி'யில் போட்டால் போதும்" என்பார்கள் சிலர். 'பி'யில் காரைப் பிடித்து வைப்பது கியர்பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தில் மாட்டும் சிறு கொக்கி. சரிவில் மொத்தச் சுமையையும் அதன்மேல் ஏற்றுவது சரியா? மேலும், நெடுநாள் அசையாத கேபிள்தான் துருவில் எளிதாக இறுகிப்போகும். கைப்பிரேக்கைத் தினமும் பயன்படுத்துவதும் ஒரு பராமரிப்பே.

உங்களுக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. காருக்கு அடியில் நுழையவும் வேண்டாம். கேபிளைக் கழற்றினால் கைப்பிரேக் இருக்காது. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. ஆனால், எண்ண உங்களுக்குத் தெரியும். இன்று எண்ணிக் குறித்து வையுங்கள். அடுத்த மாதமும் எண்ணுங்கள். கூடியிருந்தால், "இறுக்கச் சொல்லாதீர்கள் அப்பா, திறந்து பார்க்கச் சொல்லுங்கள்" என்று கூறுங்கள்.