கேள்விப் பெட்டியைத் திரும்ப வையுங்கள்



எங்க ஒன்பதாம் வகுப்பில் போன மாசம் 11 நாள் ஒரு கேள்விப் பெட்டி இருந்தது. இப்போது இல்லை. அது ஏன் திரும்ப வரணும் என்று எழுதத்தான் இந்தச் சுவரிதழில் இடம் கேட்டேன்.

யோசனை என்னுடையது இல்லை. என் அக்கா திருநெல்வேலியில் காலேஜ் படிக்கிறாள். அங்கே ஒரு பேராசிரியர் பாடம் நடத்தும்போது 'ஸ்லைடோ' என்று ஒன்றைப் பயன்படுத்துகிறாராம். 2012-இல் ஸ்லோவாக்கியா நாட்டில் தொடங்கியது அது. கடையில் பணம் போட ஸ்கேன் பண்ணுவோமே, அதே மாதிரி போனில் ஸ்கேன் பண்ணி கேள்வியை டைப் அடித்தால், பெயர் இல்லாமல் திரையில் வரும். அதே சந்தேகம் உள்ளவங்க கட்டைவிரல் குறியை அமுக்கலாம். நிறைய பேர் அமுக்கின கேள்வி மேலே ஏறிவிடும். "ஒரு வருஷமா வாயே திறக்காதவ, இதுல நாலு கேள்வி கேட்டுட்டேன் ஏட்டி" என்றாள் அக்கா.

நம்ம பள்ளிக்கு செல்போன் கொண்டுவரக் கூடாது. அது சரிதான். அதனால் கணக்கு டீச்சரிடம் போய், போன் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். (கேட்கவே மூணு நாள் ஆச்சு.) டீச்சர் காலி சாக்பீஸ் பெட்டியில் ஓட்டை போட்டு ஜன்னல் ஓரம் வைத்தார்கள். பின்சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார்கள். வருகிற கேள்வியை எல்லாம் நம்பர் போட்டு அதில் எழுதிவிடுவார்கள். அதே சந்தேகம் இருக்கிறவங்க இடைவேளையில் போய் பக்கத்தில் ஒரு கோடு போடணும். நாம் கணக்கில் படித்த நேர்க்கோட்டுக் குறிதான்.

நான் போட்ட கேள்வி இது. பக்கம் 1 செ.மீ. உள்ள சதுரத்தின் மூலைவிட்டம் √2. அது 1.41421356 என்று முடிவே இல்லாமல் போகும் என்கிறார்கள். ஆனால் என் நோட்டில் வரைந்த கோடு மூலையில் வந்து முடிந்துவிட்டதே, எப்படி?

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் 26 கோடு. எங்க வகுப்பில் மொத்தமே 41 பேர். இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் மூளை இல்லைன்னு நெனச்சிருந்தேன்.

டீச்சர் ஒரு கருப்பட்டியை உதாரணம் சொன்னார்கள். ஒரு கருப்பட்டியை மூணு பேருக்குச் சமமாகப் பங்கு வைக்கலாம், பங்கு முடிந்துவிடும். அதைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாது. நீளம் முடிகிறது, நாம் எழுதுகிற முறைதான் முடியவில்லை. 1/3-இல் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும், √2-இல் அப்படி எந்த வரிசையும் திரும்பாது, அதனால்தான் அது விகிதமுறா எண். ஒரு பீரியட் முழுக்க இதுதான் ஓடியது. தேரி மண் ஏன் சிவப்பு என்று இன்னொருத்தர் கேட்டதற்கு அறிவியல் சாரைக் கூட்டி வந்தார்கள். மணலின் மேல் இரும்பு ஆக்சைடு பூசினது போல் படிந்திருக்கிறதாம். தெனமும் பார்க்கிற மண்ணு!

சில சார்மார், "பெயர் சொல்லிக் கேட்டால்தானே தைரியம் வரும்" என்கிறார்கள். நான் ஏழாம் வகுப்பில் அப்படித்தான் எழுந்து நின்று கேட்டேன், மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று. வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க எனக்குப் பட்டப்பேர் 'மைனஸ்'. அதுக்கப்புறம் இரண்டு வருஷம் கை தூக்கவில்லை. அந்த 26 கோட்டைப் பார்த்த மறுநாள்தான் திரும்பத் தூக்கினேன். போன வருஷம் 'வளரிளம் பருவமடைதல்' பாடம் நடத்தினபோது ஒருத்தர்கூட ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சிட்டு என்றா அர்த்தம்?

இனி பெட்டி போன கதை. 11-ஆம் நாள் ஒரு சீட்டில் கேள்வி இல்லை. எங்க வகுப்புப் பிள்ளை ஒருத்தியோட அப்பா செய்கிற வேலையைச் சொல்லிக் கேலி எழுதியிருந்தது. டீச்சர் எப்போதும்போல் சத்தமாக வாசித்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பாதியே போதுமே. அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. பெட்டி அலமாரிக்குள் போனது. நான் டீச்சரைக் குறை சொல்லவில்லை, நானும் அன்றைக்கு அதையேதான் செய்திருப்பேன்.

பெயர் இல்லை என்றால் சில பேருக்கு வாய் நீளும். உண்மைதான். அதற்கும் அந்தப் போன் செயலியில் வழி இருக்கிறது என்று அக்கா சொன்னாள். கேள்வி முதலில் பேராசிரியருக்கு மட்டும் போய், அவர் சரி என்ற பிறகு திரையில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாமாம். நாமும் வைக்கலாம். பாடத்துக் கேள்வி மட்டும் இந்தப் பெட்டியில். மனக்குறையைச் சொல்ல அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, 14417 இருக்கிறது, 1098 இருக்கிறது.

ஒரு குறை மட்டும் எனக்கே தெரியும். போனில் எல்லார் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். நம்ம வகுப்பில் யார் கையெழுத்து எது என்று எல்லாருக்கும் தெரியும். நான் இடது கையால் எழுதிப் போட்டேன், டீச்சர் வாசிக்கும்போது என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இந்தக் கட்டுரைக்கும் பெயர் வேண்டாம் என்று இதழ்க் குழுவில் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடமே போய்க் கேட்டேன், பெட்டி திரும்ப வரலாமா என்று. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "வைக்கட்டும். ஆனா டீச்சர் முதல்ல தனியா வாசிச்சிட்டு, அப்புறம் எழுதட்டும்" என்றாள். அந்த யோசனையும் என்னுடையது இல்லை என்று இதனால் அறியவும்.

சார்ட் இன்னும் பின்சுவரில்தான் இருக்கிறது. 31-ஆவது கேள்விக்கு 19 கோடு விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. கேள்வி இதுதான்: ஒலி வெற்றிடத்தில் போகாது என்றால், சூரியனிலிருந்து வெளிச்சம் மட்டும் எப்படி வருகிறது?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி