பூனை வளர்க்கும் வீட்டில் பூந்தொட்டிகள்

"எது ஆகும், எது ஆகாதுன்னு அதுக்கே தெரியும்க்கா. பூனைக்கு நாம சொல்லித் தரணுமா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண். பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. ஆனால் வீட்டுக்குள்ளேயே சுற்றும் பூனை, பொழுது போகாமல் எந்த இலையையும் கடித்துப் பார்க்கும். தவழும் குழந்தையும் அப்படித்தானே! பூனையோ, கைக்குழந்தையோ, எது இருந்தாலும் தொட்டிகளை ஒரு முறை பார்த்து விடுங்கள்.

எல்லாச் செடியையும் தூக்கி எறிய வேண்டாம். மணி பிளாண்ட்டில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், வாந்தி வரும். உயிருக்கு ஆபத்து அபூர்வம். கொடியைக் கீழே தொங்க விடாமல் கத்தரித்து, எட்டாத இடத்தில் வைத்தால் போதும்.

உயிரை வாங்குபவை வேறு. அரளி இதயத்தைத் தாக்கும். சாமி படத்திலிருந்து உதிரும் அரளிப் பூவை உடனே பெருக்கி எடுங்கள். வாசலில் அழகுக்கு வைக்கும் சைகஸ் செடி ஈரலைக் கெடுக்கும். நம் மாநில மலரான செங்காந்தளை ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். அதன் கிழங்கும் விதையும் கொடிய விஷம்.

பூனைக்கு எல்லாவற்றிலும் மோசமானது லில்லி. கல்யாண ரிசப்ஷன் பூச்செண்டுகளில் பெரிய இதழோடு வாசனையாக இருக்குமே, அதுதான். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே விஷம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூனை, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கிவிட்டது. மறுநாள் சுருண்டு படுத்ததை, "வெயிலுக்குச் சோர்ந்து கெடக்கு" என்று விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் பூனை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

லில்லி உள்ளே போனால் 12 முதல் 24 மணி நேரத்தில் சிறுநீரகம் கெடத் தொடங்கும்; 3 நாளுக்குள் செயலிழந்துவிடும். அதனால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது, பால் ஊற்றுவது எதுவும் வேண்டாம். பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். மேலே ஒட்டிய மகரந்தத்தை ஈரத் துணியால் துடைத்து, கடித்த இலையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். குழந்தை தின்றிருந்தாலும் இலையோடு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பயமில்லாமல் வளர்க்கவும் செடிகள் உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியால் பூனைக்குக் கெடுதல் இல்லை. ரோஜாவும் அரிக்கா பாமும் அப்படியே. பூனைக்குப் புல் கடிக்கும் ஆசை இயற்கை; உடைந்த தொட்டி ஒன்றில் அருகம்புல் போட்டு, மருந்து அடிக்காமல் வளர்த்துக் கொடுங்கள். மற்றச் செடிகள் பக்கம் அதன் வாய் போவது குறையும்.