கோல நோட்டும் மடிக்கணினியும்

சகோதரிகளே, பரணில் என்னென்ன கிடக்கிறது என்பது பல சமயம் நமக்கே தெரியாது. எங்கள் மல்லாங்கிணறு வீட்டுப் பரணில், பழைய துணிப்பையில் சுற்றி ஒரு மடிக்கணினி கிடந்தது. 2013-இல் என் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011-இல் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டம் உங்களுக்கும் ஞாபகமிருக்கும். நாலு வருஷம் நன்றாக ஓடியது, அப்புறம் ஆமை வேகம். கடையில் கேட்டால், "ஒரிஜினல் விண்டோஸ் போட ஆயிரக்கணக்கில் ஆகும், காப்பி போட்டுத் தரவா?" என்றார்கள். திருட்டு நகல் நமக்கெதற்கு என்று பரணில் போட்டுவிட்டேன்.

எதிர்வீட்டு மதினி பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். மகன் அரசுப் பள்ளியில் எட்டாவது. தீபாவளி லீவில் வந்தபோது, "கம்ப்யூட்டர் பழகணும்னு அழுறான் மதினி. வாரக்கூலியில எங்க வாங்க?" என்று கண் கலங்கினார். ஊருக்கு வந்திருந்த என் மகள் அதைக் கேட்டுவிட்டு, "அம்மா, அந்தப் பழசை இறக்கு" என்றாள்.

பாட்டரி போய்விட்டதால் வயரைச் சொருகித்தான் ஓட்டவேண்டும். போட்டதும் திரையில் இரண்டு பெயர் வந்தது. ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டதாம். பைசா செலவில்லை. அரசே போட்டுக் கொடுத்திருந்தும் அந்த இரண்டாவது பெயரை நாங்கள் ஒருநாளும் தொட்டதில்லை.

"சும்மா கிடைக்கிறது மட்டமாக இருக்காதா?" என்றேன்.

"மார்கழிக்குப் பெரியம்மாகிட்ட கோல நோட்டு வாங்குறியே, அது மட்டமா? எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எல்லாம் அதில் இருக்கு. பார்த்துப் போடலாம், ரெண்டு வரிசை கூட்டலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம். இதுவும் அப்படித்தாம்மா" என்றாள்.

எழுதிய முறையை ஒளிக்காமல் திறந்து வைத்திருப்பதால் இதற்குத் திறமூல மென்பொருள் என்று பெயர். லினக்ஸை 1991-இல் ஆரம்பித்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர். பிறகு உலகமெங்கும் பலர் கைகொடுத்து வளர்த்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2001-இல் பள்ளிக் கணினிக் கல்விக்கென ஒரு திட்டம் தொடங்கி, நாளடைவில் அரசுப் பள்ளிகளை இந்த வழிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே அது 2017 முதல் கைட் என்ற அரசு நிறுவனமாக நடக்கிறது. அங்கே பள்ளியில் பழகியதையே பிள்ளைகள் காசில்லாமல் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். ஏழைத் தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மகள் முதலில் பழைய போட்டோக்களையெல்லாம் பென் டிரைவில் பத்திரப்படுத்தினாள். நீங்களும் இதை மறக்காதீர்கள். பிறகு புதிய பாஸ் லினக்ஸ் ஏற்றி, கடிதம் கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ், கணக்குப் பாடத்துக்கு ஜியோஜீப்ரா, குழந்தைகள் படம் வரைய டக்ஸ் பெயிண்ட் எல்லாம் போட்டாள். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்கென்றே செய்த சில புரோகிராம்கள் இதில் ஓடாது. ஆனால் ஒன்றில் கை பழகிய பிள்ளைக்கு மற்றது சிரமமில்லை.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், "நம் பள்ளிக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறதா? பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

இப்போது சாயங்காலமானால் பையன் எங்கள் திண்ணையில் ஆஜர். மெனுவெல்லாம் தமிழில். ஒருநாள் மதினி எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார்: "சே...மி. சீட்டுப் பணமா மதினி?" சிரித்துவிட்டோம். "இல்லை, உன் மகன் எழுதினது அழியாம இருக்கணும்னா அதை அமுக்கணும்" என்றேன். மதினியே விரலை வைத்து அமுக்கினார்.

உங்கள் பரணையும் ஒருமுறை பாருங்களேன்!